கரீபியன் சிறு தீவுகளில் பண்ணைச் சுற்றுலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் என்றதும் வெள்ளை மணலும் நீலக் கடலும்தான் நினைவுக்கு வரும். கடற்கரையை விட்டு அரைமணி நேரம் மலைப்பக்கம் ஏறினால் ஜாதிக்காய்த் தோப்பு, கொக்கோத் தோட்டம், வாழைக் கொல்லை என்று வேறொரு தீவு தொடங்குகிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களும், தீவுகள் அதை எப்படித் தொழிலாக வளர்த்தன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் கிரெனடாவைச் சுற்றியே போகும். இந்த விஷயத்தில் நல்லதும் கெட்டதும் அங்கேதான் தெளிவாகத் தெரிகின்றன.

பண்ணைச் சுற்றுலா என்று எதைச் சொல்கிறோம்?

பயிர் விளையும் இடத்துக்கே போய்ப் பார்த்து, அங்கே விளைந்ததைச் சாப்பிட்டு, முடிந்தால் ஓர் இரவு தங்கி வருவது. இதில் பல தரம் உண்டு. அரைமணி நேரம் சுற்றிக்காட்டிவிட்டு நேராகக் கடைக்குள் கொண்டுபோய் விடும் தோட்டங்களும் இருக்கின்றன. காலையில் காய் பறிக்கக் கூட்டிப்போய், மதியச் சாப்பாடு போட்டு, மாலையில் அனுப்பும் தோட்டங்களும் இருக்கின்றன. விவசாயி வீட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்குவது இன்னொரு வகை. ரம் வடிசாலை, ஊர்ச் சந்தை இரண்டையும்கூட இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

என் அளவுகோல் எளிது. நாளையிலிருந்து பயணிகளே வரவில்லை என்றாலும் அந்தப் பண்ணை ஓடுமா? ஓடும் என்றால் அது பண்ணை. ஓடாது என்றால் பண்ணை வேடம் போட்ட பூங்கா. பூங்காவுக்குப் போவதில் தப்பில்லை, ஆனால் அதனால் விவசாயம் வளர்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடற்கரையிலேயே காசு கொட்டும்போது இந்தத் தீவுகள் ஏன் இதில் இறங்கின?

மலைப்பக்கத்து மக்களுக்குப் பழைய வருமானம் போய்விட்டது. டொமினிக்கா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா ஆகிய விண்ட்வர்ட் தீவுகள் பிரிட்டனுக்கு வாழைப்பழம் அனுப்பிப் பிழைத்தவை. சரிவில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த குடும்பத்துக்கு அதைவிட நல்ல பயிர் இல்லை. வாரா வாரம் கப்பல் வரும், கையில் காசு வரும். 1990களின் தொடக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வாழை வைத்திருந்தார்கள்.

இந்தப் பழத்துக்கு ஐரோப்பியச் சந்தையில் தனிச் சலுகை இருந்தது. அதை எதிர்த்து அமெரிக்காவும் எக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1997இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. வாழைப்பழ ஏற்றுமதியில் அமெரிக்காவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பங்கே கிடையாது. லத்தீன் அமெரிக்காவில் பெருந்தோட்டம் நடத்திய அதன் கம்பெனிகளுக்காகத்தான் அந்தச் சண்டை. சலுகை படிப்படியாகக் குறைந்து, 2009 ஜெனீவா ஒப்பந்தத்தோடு விவகாரம் முடிந்தது. அதற்குள் பாதிச் சரிவுகள் புதர் மண்டிவிட்டன.

செயின்ட் கிட்ஸில் இதே கதை கரும்பில் நடந்தது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஓடிய சர்க்கரைத் தொழிலை 2005இல் அரசே மூடியது. கரும்பு ஏற்ற 1912க்கும் 1926க்கும் இடையில் போட்ட ரயில் பாதையில் இப்போது பயணிகள் மாடிப் பெட்டியில் உட்கார்ந்து தீவைச் சுற்றி வருகிறார்கள். அழகான பயணம்தான். என்ன, ஜன்னல் வழியே பார்த்தால் கரும்பு இல்லை. மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள்.

ஒரு கொக்கோத் தோட்டத்தில் உண்மையில் என்ன பார்க்கலாம்?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே கொக்கோ நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மரம் புதிதாக இருக்காது. காய் கிளை நுனியில் தொங்காமல் அடிமரத்திலேயே ஒட்டிக் காய்த்திருக்கும். காம்பை அறுக்கும்போது கொஞ்சம் பிசகிக் கத்தி மரப்பட்டையில் பட்டால் அந்த இடத்தில் அடுத்த முறை பூ வராது. அதனால் புது ஆள் கையில் கத்தியை அவ்வளவு சீக்கிரம் கொடுத்துவிட மாட்டார்கள்.

காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்பச் சொல்வார்கள். புளிப்பும் இனிப்புமாக லிச்சிப் பழம் போல இருக்கும். சாக்லேட்டின் சாயலே இருக்காது. கடித்துவிட்டால் ஒரே கசப்பு. அந்தச் சதைதான் அடுத்த வேலையைச் செய்கிறது. விதைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி வாழை இலையால் மூடி ஒரு வாரம் புளிக்க விடுகிறார்கள். இடையிடையே ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மாற்றுவார்கள். மூடியைத் திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறும், உள்ளே கைவைக்க முடியாத அளவு சூடு. சாக்லேட் வாசனைக்கான அடிப்படை இந்தப் பெட்டிக்குள்தான் உருவாகிறது. சரியாகப் புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சரியாக வராது.

அப்புறம் காயவைப்பது. தண்டவாளத்தில் ஓடும் பெரிய மரத்தட்டுகளில் விதையைப் பரப்பி வெயிலில் இழுத்து விடுகிறார்கள். மழை இருட்டினால் ஓடிவந்து தட்டுகளைக் கட்டடத்துக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். ஒரே நாளில் நாலு தடவைகூட இது நடக்கும். காயும் விதையைப் பெண்கள் வெறுங்காலால் வரிசை வரிசையாகக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். பயணிகளையும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொல்வதுண்டு. படத்துக்கு நன்றாக இருக்கும். வேலை செய்கிறவர்களுக்கு அது நாள் முழுக்க வெயிலில் செய்யும் வேலை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைசியில் ஒரு குவளை ‘கொக்கோ டீ’ தருவார்கள். இதில் தேயிலை கிடையாது. அரைத்து உருண்டை பிடித்த கொக்கோவைத் துருவி, பட்டை, ஜாதிக்காய், மணக்கும் இலை ஒன்றிரண்டு போட்டுக் கொதிக்கவைத்துப் பால் சேர்ப்பது. மேலே கொக்கோ நெய் மிதக்கும். கிரெனடாவில் அது காலை நேரத்துப் பானம்.

ஜாதிக்காய்?

கிரெனடாவின் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. குவேவ் என்ற மீனவ ஊரில், கடலோரத்தில், ஜாதிக்காய்க் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய மரக் கட்டடத்தில் பதப்படுத்தும் வேலை நடக்கிறது. பயணிகளுக்காகப் பெரிதாக எதையும் ஒப்பனை செய்து வைக்காத இடம் என்பதால் எனக்குப் பிடித்தமானது. விவசாயிகள் கொண்டுவரும் காயை நிழலில் மரத்தட்டுகளில் வாரக்கணக்கில் உலர்த்தி, ஓட்டை உடைத்து, பருப்பைத் தண்ணீரில் போடுகிறார்கள். மூழ்கினால் முதல் தரம். மிதந்தால் எண்ணெய்க்குப் போகும். சாக்குகளின் மேல் போகவேண்டிய நாட்டின் பெயரை அச்சுத்தகடு வைத்து மையால் எழுதுவார்கள். ஜாதிபத்திரி தனியாகத் தரம் பிரியும். சதைப்பற்றான மேல்தோலில் ஜாமும் பாகும் செய்கிறார்கள்.

தீவிலேயே சாக்லேட் செய்வதால் விவசாயிக்கு என்ன கூடுதல் லாபம்?

கரீபியன் தீவுகள் பல தலைமுறைகளாகக் காய்ந்த விதையை மூட்டையில் கட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பின. சாக்லேட்டாகி விற்கும் விலையில் சின்னத் துண்டுதான் விதைக்குக் கிடைக்கும். 1999இல் மாட் கிரீன் என்ற அமெரிக்கர் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து கிரெனடா சாக்லேட் கம்பெனியைத் தொடங்கி அதை மாற்றினார். சிறிய ஆலை, பழைய இயந்திரங்கள், சூரிய மின்சாரம், கூட்டுறவு அமைப்பு. மரத்திலிருந்து சாக்லேட் பட்டை வரை எல்லாமே தீவுக்குள். பிறகு பாய்மரக் கப்பலில் ஐரோப்பாவுக்குச் சரக்கும் அனுப்பினார்கள். சூரிய மின் கருவிகளைப் பழுதுபார்க்கும்போது மின்சாரம் தாக்கி 2013இல் அவர் இறந்தார். கம்பெனி தொடர்ந்தது. அதைப் பார்த்து வேறு சில சாக்லேட் ஆலைகளும் தீவில் வந்தன. சுமார் 344 சதுர கிலோமீட்டர்தான் மொத்தப் பரப்பு என்ற தீவு நாட்டுக்கு அது பெரிய விஷயம்.

சுற்றுலாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் நாலு பட்டை வாங்குவார். கப்பல் கூலி இல்லை, இடைத்தரகர் இல்லை. ஊருக்குப் போன பிறகும் அதே பெயரைத் தேடி வாங்குவார். நுழைவுச்சீட்டுக் காசைவிட இந்த விற்பனைதான் முக்கியம் என்பேன்.

பெல்மான்ட் எஸ்டேட் இந்தியக் குடும்பத்துடையது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கிரெனடாவின் வடக்கே செயின்ட் பேட்ரிக் பகுதியில் உள்ள இந்தத் தோட்டம் 1600களின் பிற்பகுதியில் தொடங்கியது. வெள்ளைக்கார முதலாளிகள் கையில் இருந்ததை 1944இல் நையாக் குடும்பத்தார் வாங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள். கிரெனடாவில் எஸ்டேட் ஒன்றுக்குச் சொந்தக்காரர்களான முதல் இந்திய வம்சாவளியினர். 1857 மே 1 அன்று மெய்ட்ஸ்டன் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளைத் தீவில் இறக்கியது. அடுத்த சுமார் முப்பது ஆண்டுகளில் மொத்தம் 3,200 பேர் வரை வந்தார்கள். அவர்களின் பேரன் பேத்திகளே தோட்டத்தை வாங்கிவிட்டார்கள்.

2002இல் பயணிகளுக்குத் திறந்தார்கள். கொக்கோ, ஆடு, காய்கறி, உணவகம் எல்லாம் உண்டு. பண்ணைச் சுற்றுலா எப்படி இருக்கவேண்டும் என்று பேசும்போது இந்தப் பகுதியில் பலரும் காட்டும் உதாரணம் இதுதான். விவசாயம் அங்கே பின்னால் போய்விடவில்லை.

அடிமைகளை வைத்து நடத்திய தோட்டங்களுக்குச் சுற்றுலா போவது சரியா?

போகலாம். எதைச் சொல்கிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். கரீபியனில் ‘பழைய எஸ்டேட்’ என்றால் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பில் உருவானது. பெரிய வீட்டின் நாற்காலியையும் பீங்கானையும் காட்டிவிட்டு, வேலை செய்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்லாமல் நகரும் வழிகாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். நீங்களே கேட்டுவிடுங்கள். தயக்கமில்லாமல் பதில் வந்தால் நல்ல இடம். தோட்டத்தில் திருமணம் நடத்த வாடகைக்கு விடும் பழக்கமும் இருக்கிறது. அது எனக்கு ஒட்டவில்லை.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது ஏன் முக்கியம்?

பயணிகளுக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் பெரிய எஸ்டேட்கள். செயின்ட் லூசியாவின் சூஃப்ரியர் பகுதியில் ரபோ எஸ்டேட்டை 2006இல் ஒரு பிரிட்டிஷ் சாக்லேட் நிறுவனம் வாங்கி விடுதியும் கட்டியது. பக்கத்திலேயே ஃபோன் டூ எஸ்டேட், தீவின் பல இடங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய மரவீடுகளில் ஆட்களைத் தங்கவைக்கிறது. இரண்டுமே நன்றாக நடக்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் இருப்பவருக்குக் கழிப்பறை, வண்டி நிறுத்தம், காப்பீடு எல்லாம் கட்டுப்படியாகும்.

சிறு விவசாயியின் கதை வேறு. இந்தத் தீவுகளில் ஏராளமான குடும்ப நிலம் பாகம் பிரிக்காமல் தலைமுறைகளாக எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கிறது. லண்டனில் ஒரு சித்தப்பா, டொரோண்டோவில் இரண்டு அத்தை. எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் வங்கி கடன் தராது. டொமினிக்காவில் பூர்வகுடி கலினாகோ மக்களின் 3,700 ஏக்கர் நிலம் 1903இல் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அது சமூகத்துக்கே பொதுச் சொத்து, அடமானம் வைக்க முடியாது. நிலம் கைவிட்டுப் போகாமல் காத்தது அந்த ஏற்பாடுதான். ஒரு விருந்தினர் அறை கட்டப் பணம் கிடைக்காமல் செய்வதும் அதேதான்.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் என்னதான் செய்யலாம்?

தனியாகச் செய்தால் களைத்துப்போவார். பயணி வரும் நேரத்தில் களை எடுக்க முடியாது. களை எடுக்கும் நேரத்தில் பயணி வருவார். ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு நடைபாதை போட்டு, ஒருவர் வீட்டில் சாப்பாடு, இன்னொருவர் கொல்லையில் மூலிகை, மற்றொருவரிடம் தேன் என்று பிரித்துக்கொண்டால் பாரம் குறையும். டொமினிக்காவின் வைட்டுகுபுலி நடைபாதை இதற்கு வசதியான முதுகெலும்பு. தீவின் தெற்கிலிருந்து வடக்கு வரை 115 மைல், 14 பகுதிகளாக. நடப்பவர்கள் வழியிலுள்ள ஊர்களில் தங்கி, அங்கே கிடைப்பதைச் சாப்பிட்டுப் போகிறார்கள். கலினாகோ பகுதியில் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து, சுடுகல்லில் ரொட்டி போடுவதை அங்கேயே பார்த்துச் சூடாக வாங்கிச் சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை: விளைச்சல் திருட்டு இந்தத் தீவுகளில் தீராத தலைவலி. இராத்திரியோடு இராத்திரியாகக் கிழங்கையும் ஜாதிக்காயையும் அள்ளிப் போய்விடுவார்கள். அதனால் தன் கொல்லை வழியாகப் பாதை போட ஒருவர் சம்மதிக்கவில்லை என்றால், அவருக்குச் சுற்றுலாவின் அருமை தெரியவில்லை என்று பேசாதீர்கள்.

விடுதிகள் உள்ளூர்க் காய்கறியை வாங்கினாலே போதாதா?

கிட்டத்தட்ட அதுதான் என் கட்சி. ஒரு நாளில் ஒரு பண்ணைக்கு முப்பது பேர் வரலாம். ஒரு பெரிய விடுதியில் தினமும் அறுநூறு தட்டு பரிமாறுகிறார்கள். அந்தத் தட்டில் மயாமியிலிருந்து வந்த லெட்டியூஸும் பதப்படுத்திய பழச்சாறும் இருக்கும்போது, வாசலில் நுழைவுச்சீட்டு விற்று விவசாயத்தைக் காப்பாற்றிவிட முடியாது. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கரிகாமில் உள்ள நாடுகளின் உணவு இறக்குமதிச் செலவு ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர். அதில் கால்பங்கைக் குறைக்க 2025ஐ இலக்காக வைத்தார்கள், பிறகு 2030க்குத் தள்ளிவைத்தார்கள்.

விடுதிக்காரர்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. சமையல்காரருக்கு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரே அளவில் நாற்பது கிலோ தக்காளி வேண்டும், ரசீதோடு. விவசாயியிடம் இந்த வாரம் எண்பது கிலோ இருக்கும், அடுத்த வாரம் ஐந்து. விடுதி அறுபது நாள் கழித்துப் பணம் தரும். விவசாயிக்கு வெள்ளிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். எல்லா விவசாயிகளும் ஒரே மாதத்தில் ஒரே காயைப் போடுவதால் விலை சரியும். குளிர்பதனக் கிடங்கு இல்லை. இதெல்லாம் சின்னச் சின்னச் சிக்கல்கள், ஆனால் இவைதான் சிக்கல்கள்.

செயின்ட் லூசியாவின் விடுதிச் சங்கம் இதற்கு ஒரு எளிய வழி பிடித்தது. விவசாயிகளையும் விடுதிகளின் கொள்முதல் ஆட்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட்டது. ‘என்னிடம் இருபது கிலோ சுரைக்காய்’ என்று படத்தோடு போட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். தனிச் செயலி, கருத்தரங்கு, அறிக்கை என்று எதுவும் இல்லாமலே வியாபாரம் நடந்தது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி இது.

சொகுசுக் கப்பலில் வருகிறவர்களால் பண்ணைகளுக்குப் பயன் உண்டா?

கொஞ்சம். கப்பல் துறைமுகத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு பகல்பொழுது. அதில் போகவர மலைப்பாதைக்கே இரண்டு மணி நேரம். பயணச்சீட்டைக் கப்பல் நிறுவனமே விற்று நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். சாப்பாடு கப்பலில் இலவசம் என்பதால் பண்ணையில் சாப்பிட மாட்டார்கள். மொத்தமாக வந்து மொத்தமாகப் போவார்கள். மூன்று கப்பல் ஒரே நாளில், அப்புறம் நாலு நாள் யாருமில்லை. கப்பலை மட்டும் நம்பிப் பண்ணையைத் திருப்பி அமைக்கிறவர்களுக்கு என் ஆலோசனை: வேண்டாம்.

புயல் வந்தால் என்ன ஆகும்?

எல்லாம் போகும். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் கிரெனடாவைத் தாக்கியது. அதற்கு முன் ஜாதிக்காயில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த தீவு. மரங்களில் மிகப் பெரும்பகுதி ஒரே நாளில் வேரோடு சாய்ந்தது. அடுத்த ஆண்டே எமிலி புயல். ஜாதிக்காயில் ஆண் மரம் பெண் மரம் தனித்தனி. விதை போட்டு வளர்த்தால் ஐந்தாறு ஆண்டு கழித்துப் பூத்த பிறகுதான் எது எது என்று தெரியும். நல்ல விளைச்சலுக்குப் பதினைந்து ஆண்டாவது ஆகும். அறுபது வயதில் தோப்பை இழந்தவர் யாருக்காகத் திரும்பவும் நடுவார்? பலர் கொக்கோவுக்கு மாறினார்கள். அது மூன்று நாலு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். இன்று பயணிகள் ரசிக்கும் கிரெனடா சாக்லேட்டின் வளர்ச்சியில் ஐவனுக்கும் பங்கு உண்டு.

2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல் டொமினிக்காவில் ஏற்படுத்திய சேதம், அந்த நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தி மதிப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கு தீவைத் துடைத்துப்போட்டது. புயலில் பயிரும் போகும், பயணிகளும் நின்றுவிடுவார்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. கிழங்குப் பயிர் கொஞ்சம் வைத்திருப்பவர்கள்தான் முதல் மாதங்களைச் சமாளிக்கிறார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பதைக் காற்று பிடுங்காது.

தமிழர் தொடர்புள்ள தீவுகள் உண்டா?

குவாடலூப், மார்டினிக். இரண்டும் இன்றும் பிரான்சின் பகுதிகள். 1853இல் மார்டினிக்குக்கும் 1854இல் குவாடலூப்புக்கும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகத் தொடங்கினார்கள். குவாடலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். மொழி போய்விட்டது, மாரியம்மன் வழிபாடு இருக்கிறது, பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் இருக்கின்றன. கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு அரைத்துப் போட்ட ‘கொலம்போ’ என்ற குழம்பு இரண்டு தீவுகளிலும் எல்லோர் வீட்டுச் சமையல். கரும்புச்சாற்றிலிருந்து நேராக வடிக்கும் மார்டினிக் ரம்முக்கு 1996இல் பிரான்சின் புவிசார் தரச்சான்று கிடைத்தது. வடிசாலைகள் பலவற்றைப் பயணிகள் போய்ப் பார்க்கலாம்.

விளம்பர ஏட்டில் இருக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாழைத் தோட்டங்களில் 1993 வரை தெளித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இந்தத் தீவுகளின் மண்ணில் இன்னும் இருக்கிறது; பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது காணப்படுகிறது. மண்ணுக்குள் விளையும் கிழங்குகளில் ஏறும். மரத்தில் காய்ப்பதில் அப்படி ஏறாது. பண்ணையில் சாப்பிடும் முன் மண் பரிசோதனை செய்தார்களா என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. நல்ல விவசாயிகள் தாங்களே சொல்வார்கள்.

எப்போது, எப்படிப் போவது?

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. கொக்கோ காயும் தட்டுகளையும் அப்போது பார்க்க வாய்ப்பு அதிகம். இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், டொரோண்டோ, மயாமி என்று எங்காவது மாறவேண்டும். கிரெனடா, டொமினிக்கா, பார்படோஸ் போன்றவை இந்தியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு முன்கூட்டிய விசா கேட்பதில்லை. ஆனால் மாறும் ஊருக்கான விசாதான் பெரும்பாடு. குவாடலூப், மார்டினிக்குக்குச் சாதாரண ஷெங்கன் விசா செல்லாது, கடல்கடந்த பகுதிகளுக்கென்று தனியாகக் கேட்க வேண்டும். விதிகள் மாறும், கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முன்பே சொன்னால் கிடைக்கும். கிரெனடாவின் தேசிய உணவான ‘ஆயில் டவுன்’ சீமைப்பலா, சேம்பு இலை, மஞ்சள், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு ஒரே பானையில் வற்றவிடுவது. வழக்கமாக உப்பிட்ட இறைச்சி சேரும். அது இல்லாமல் போடச் சொல்லலாம். நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. காரம் மட்டும் தனியாக ஒரு சீசாவில் வரும், ஒரு சொட்டிலிருந்து தொடங்குங்கள்.

பண்ணைக்குள் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

செருப்பு, ஷூவின் அடிப்பாகம். வாழையை அடியோடு வாட்டும் பனாமா வாடல் நோயின் புதிய வகை 2019இல் கொலம்பியாவுக்கும், பிறகு பெரு, வெனிசுவேலாவுக்கும் வந்துவிட்டது. அது ஒட்டிய மண்ணிலேயே பயணம் செய்யும், மருந்து கிடையாது. கொக்கோவில் காயை அழுகவைக்கும் பூஞ்சை 2016இல் ஜமைக்காவில் நுழைந்தது. ஒரு வாரத்தில் இரண்டு நாட்டுத் தோட்டங்களைப் பார்ப்பவர் என்றால் ஷூவைக் கழுவித் துடைத்து, கிருமிநாசினி போட்டு, காயவைத்துத்தான் அடுத்ததற்குள் போக வேண்டும். வாசலில் மருந்துத் தொட்டி வைத்து மிதித்து வரச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

விதை, நாற்று, பச்சைக் காய், மண் எதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். சுங்கத்தில் பிடித்தால் பறிமுதல் செய்வார்கள், பிடிக்காவிட்டால்தான் ஆபத்து. சாக்லேட், பதப்படுத்திய கொக்கோ உருண்டை, ஜாதிக்காய் ஜாம் போன்றவற்றைக் கடையில் கட்டியபடியே ரசீதோடு கொண்டுவரலாம். கொக்கோ உருண்டையைப் பெட்டியின் நடுவில் துணிக்குள் சுற்றி வையுங்கள், துணி முழுக்க மணக்கும்.